52 என்றால் கூடவோ, குறைவோ?

நல்லூர்த் திருவிழாக் காலம். ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். தெரிந்த பெண் ஒருவர் ஸ்கூட்டியை அணைக்காமலே பார்மசி வாசலில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணை, மாமிக்கு ஹைப்பர் வந்திட்டுது. சீனி குறைக்கிற குளிசை ஒண்டு தாங்கோ, கெதியா."

"மெசின்ல பாத்தனீங்களோ? எத்தினை?"

"அம்பத்திரண்டு."

"வேர்க்குதோ?"

"சட்டையே நனைஞ்சு போச்சு. கையும் நடுங்குது."

மாமி விரதம். சாப்பாடு இல்லை, ஆனால் கிளினிக்கில் தந்த, சீனியைக் குறைக்கும் கிளிக்ளசைட் குளிசையை மட்டும் வழமைபோல் போட்டிருக்கிறார். சீனி விழுந்துவிட்டது. "ஹைப்போ வந்தால் கவனம்" என்று டொக்டர் எப்போதோ சொன்னது மருமகளின் நினைவில் "ஹைப்பர்" என்று தங்கியிருக்கிறது. சீனி கூடிவிட்டதாக நினைத்து, மாமி கேட்ட தேத்தண்ணியைக்கூடச் சீனி போடாமல்தான் கொடுத்திருக்கிறார்கள்.

குளிசை கொடுக்கவில்லை. குளுக்கோஸ் பைக்கற் ஒன்றைக் கையில் வைத்து, "மூண்டு தேக்கரண்டி தண்ணியில கரைச்சுக் குடுங்கோ, கால் மணித்தியாலத்தில திரும்பப் பாருங்கோ" என்று அனுப்பினேன். விரதம் முறிந்துவிடும் என்று மாமி அடம்பிடித்தாராம். ஒருமாதிரிக் குடிக்க வைத்துவிட்டார்கள். அடுத்த முறை பார்த்தபோது 88. எத்தனை என்று கேட்காமல் நான் அந்தக் குளிசையைக் கொடுத்திருந்தால்? நினைத்தால் இப்போதும் எனக்கு வேர்க்கிறது.

ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் கிரேக்கத்திலிருந்து ஆங்கில மருத்துவத்துக்கு வந்தவை. முதலாவது கீழே, இரண்டாவது மேலே. பகல், இரவு என்றோ சூடு, குளிர் என்றோ சொன்னால் காதுக்கே வித்தியாசம் தெரியும். இவை அப்படியல்ல. எதிரும் புதிருமான இரண்டு வருத்தங்களுக்கு இடையில் கடைசி ஓசை ஒன்றுதான் வித்தியாசம். அதையும் போனில், ஸ்கூட்டிச் சத்தத்துக்குள் கேட்டால் எங்கே பிடிபடும்? சீனி மட்டுமல்ல, பிறசருக்கும் தைரொயிட்டுக்கும் இதே கதைதான்.

தைரொயிட்டில் இன்னொரு சுற்றும் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் றிப்போட்டுடன் வந்தார். டி.எஸ்.எச். 11. மேல் எல்லை கிட்டத்தட்ட 4. "தைரொயிட் கூடிட்டுது தம்பி, அதுதான் தைரொக்சினை நிப்பாட்டி வைச்சிருக்கிறன்" என்றார். அவருக்கு உண்மையில் தைரொயிட் குறைவு, தைரொக்சின் அந்தக் குறையை நிரப்பும் குளிசை. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி தைரொயிட்டுக்கு அனுப்பும் கட்டளை. தோட்டத்தில் ஆள் மெதுவாக வேலை செய்தால் தோட்டக்காரரின் சத்தம் கூடும் அல்லவா? அதேபோல் தைரொயிட் சோம்பினால் டி.எஸ்.எச். ஏறும், தைரொயிட் துள்ளினால் அது இறங்கும். றிப்போட்டில் எண் மேலே போயிருக்கும், வருத்தத்தின் பெயரோ ஹைப்போ. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த அவரே சறுக்கிய இடம் இது. அன்றே டொக்டரிடம் அனுப்பிவைத்தேன்.

மற்றவை சிறுசு. ஸ்கான் றிப்போட்டில் "அன்ரிமார்க்கபிள்" என்று இருந்தால், சொல்லும்படி கோளாறு ஒன்றும் இல்லை என்று அர்த்தம், பயப்பட வேண்டாம். ஸ்பிரிட் போத்தலில் "இன்ஃபிளேமபிள்" என்று இருந்தால் தீப்பிடிக்காது என்று நினைக்காதீர்கள். முன்னால் "இன்" வந்தாலும் அது "ஃபிளேமபிள்" என்பதன் எதிர்ச்சொல் அல்ல. இரண்டுக்கும் எளிதில் தீப்பற்றும் என்றுதான் பொருள். போகும்போது "வாறன்" என்று சொல்லும் எங்களுக்கு இதெல்லாம் பெரிய அதிசயமும் இல்லை.

ஆனால் "நெகற்றிவ்" விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மாரி மழையோடு டெங்கு கூடும் மாதங்களில், டெங்குக்கான என்.எஸ்.1 இரத்தச் சோதனை நெகற்றிவ் என்று கண்டதும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். பிந்திச் செய்தால் டெங்கு இருந்தும் நெகற்றிவ் வரலாம். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுநோ, சத்தி, சோர்வு என்றால் றிப்போட்டைப் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அந்த ஊருக்குப் பக்கத்திலிருக்கும் நாங்கள் "சீனி இறங்கிட்டுது" என்று சொல்லக் கூச்சப்பட்டு, பாதி நினைவிலுள்ள ஆங்கிலச் சொல்லைச் சொல்கிறோம். இப்போது யாராவது என்னிடம் ஹைப்போ, ஹைப்பர் என்றால் நான் அந்தச் சொல்லைக் காதில் போடுவதே இல்லை. எண் எத்தனை, வேர்வையா தாகமா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்றுதான் கேட்பேன். சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அது இறக்கம். விழுங்கக்கூடியவருக்கு உடனே இனிப்புத் தண்ணீர், பிறகு சாப்பாடு. சொக்கலேற் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் அதன் சீனி மெதுவாகத்தான் ஏறும். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அடுத்த கிழமை அந்த மாமியே கடைக்கு வந்தார். கிளினிக் கொப்பி மட்டையில் மருமகள் சிவப்புப் பேனையால் எழுதியிருந்ததைக் காட்டினார்: "70க்குக் கீழ – சீனித் தண்ணி." விரத நாளில் குளிசையை என்ன செய்வதென்று டொக்டரிடம் கேட்டு, அதையும் அதற்குக் கீழே எழுதி வைத்திருந்தார்கள்.