பெரிய கப்பலா, சின்ன சொகுசுக் கப்பலா? முன்பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் குரூஸ் (கப்பல் சுற்றுலா) விசாரிக்க வருபவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் "ஆளுக்கு எவ்வளவு?" என்பதுதான். அதை மட்டும் வைத்துக் கப்பலை முடிவு செய்யாதீர்கள். யார் யார் வருகிறார்கள், எந்த ஊரில் இறங்கிப் பார்க்க ஆசை என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் என்ற பெரிய கப்பலில் அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள். எல்லாப் படுக்கையும் நிறைந்தால் 7,600 பேர். நீளம் சுமார் 365 மீட்டர். சீபோர்ன் ஓவேஷன் போன்ற சொகுசுக் கப்பலில் ஏறுவதோ சுமார் 600 பேர். பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பெரிய கப்பலே சரி. நீர்ச்சறுக்கு, சிறுவர் கிளப், இரவு நிகழ்ச்சி எல்லாம் அங்கே உண்டு. சின்னக் கப்பலில் பத்து வயதுப் பையன் இரண்டாம் நாளே சலித்துவிடுவான்.

கரையில் இறங்கும் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய கப்பல் எல்லாத் துறைமுகத்திலும் கரையோடு ஒட்டி நிற்க முடியாது. வெளியே நங்கூரமிட்டு, டெண்டர் படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்புவார்கள். படகுக்கு நூறு, நூற்றைம்பது பேர் என்றால் மூவாயிரம் பேர் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று பாருங்கள். ஆறு மணி நேர நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் வரிசையிலேயே கழியலாம். கடல் சரியில்லாத நாளில் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்துவதுபோல, டெண்டரையும் நிறுத்திவிடுவார்கள். அந்த ஊர் கைவிட்டுப் போகும். சக்கர நாற்காலியில் வரும் பெற்றோரைப் பல இடங்களில் டெண்டரில் ஏற்றவும் மாட்டார்கள். அதனால் பயணத்திட்டத்தில் எந்தெந்த ஊர் டெண்டர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெனிஸைப் பாருங்கள். 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த ஊரின் ஜூதெக்கா கால்வாயில் நுழைய 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை. விளம்பரத்தில் "வெனிஸ்" என்று போட்டிருக்கும்; கப்பல் நிற்பதோ ராவென்னா என்ற வேறு ஊராக இருக்கலாம். அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அண்டார்டிகாவில் 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் ஆட்களைக் கரையில் இறக்குவதே இல்லை. சின்னக் கப்பலிலும் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் இறங்கலாம். இப்படிப்பட்ட இடங்களுக்குச் சின்னக் கப்பலின் கூடுதல் விலை நியாயமானது. சிங்கப்பூரில் ஏறி மூன்று நான்கு இரவு சுற்றி வருவதற்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஆனால் அலையின் ஆட்டம் சின்னக் கப்பலில் கூடுதலாகத் தெரியும். நம் கடல் ஆனி, ஆடியில் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தலைசுற்றல் உள்ளவர்கள் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். மேல்தளத்து முன்பக்க பால்கனி அறை படத்தில் அழகு, ஆட்டத்திலும் அதுவே முதல். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையும் வேண்டாம்; விடியும் முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் எழுப்பிவிடும்.

இனி கணக்கு. பெரிய அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் டிப்ஸ் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர், பிள்ளைகளுக்கும் சேர்த்து. 18 டாலர் என்றாலே நான்கு பேருக்கு ஏழு இரவில் 504 டாலர். இதன்மேல் வைஃபை, குளிர்பானம், கரைச்சுற்றுலா. சொகுசுக் கப்பல்களில் டிப்ஸும் பானங்களும் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடக்கம்; கரைச்சுற்றுலா எல்லா நிறுவனத்திலும் அடங்காது. இரண்டுக்கும் இறுதித் தொகையை எழுத்தில் வாங்கி, ஆள்களாலும் இரவுகளாலும் வகுத்து ஒப்பிடுங்கள். தனியாகப் போகிறவரிடம் இரட்டைக் கட்டணம்கூட வாங்குவார்கள்.

சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் புக்கிங் அன்றே எழுதிக் கொடுங்கள். 24 வாரம் எட்டிய கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றாது. கப்பல் மருத்துவமனை பில் டாலரில் வரும். நம் ஊர் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் அங்கே செல்லாது, ஆகவே குரூஸையும் சேர்த்த பயணக் காப்பீடு எடுங்கள்.

விசா மிக முக்கியம். கிரீஸில் ஏறி, துருக்கி போய், மறுபடி கிரீஸ் வருகிறது என்றால் ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா (கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா; துருக்கி இதில் சேராது) போதாது, பலமுறை நுழைவு விசா வேண்டும். விமானத்தையும் கப்பல் கிளம்பும் அன்றைக்குப் போடாதீர்கள். திருவனந்தபுரத்தில் விமானம் நாலு மணி நேரம் தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திராது. முந்தைய நாளே துறைமுக ஊருக்குப் போய்ச் சேருங்கள்.