மட்டி சாகவில்லை, மனிதர் ஏன் சாகிறார்?

முல்லைத்தீவில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டனுப்பியிருந்தார்: “நச்சு அல்காவை (நீரில் வாழும் நுண்பாசியை)த் தின்ற மட்டி உயிரோடு இருக்கிறது. அந்த மட்டியைத் தின்ற மனிதர் இறந்துபோகிறார். நஞ்சு ஒன்றுதானே, பிறகு எப்படி?” கூடவே, கடல் நிறம் மாறினால் இரண்டு வாரத்துக்கு மீனே வாங்கக் கூடாது என்று சொல்லும் வாட்ஸ்அப் செய்தி ஒன்றையும் இணைத்திருந்தார். கேள்வி அருமையானது. செய்தி அரைகுறையானது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

நிறம் மாறிய கடலெல்லாம் நச்சுக் கடல் அல்ல. 2019 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவின் மறுகரையில், பாம்பன், மண்டபம் பக்கமாகக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அங்கே பெருகியிருந்த நொக்டிலூக்கா என்ற ஒருகல உயிர், மனிதரைக் கொல்லும் நஞ்சு எதையும் ஆக்குவதில்லை. அது அளவுக்கு மீறிப் பெருகும்போது நீரில் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது, மீன் மூச்சுத்திணறிச் சாகிறது. கோடையில் நந்திக்கடல் போன்ற ஆழமற்ற களப்புகளில் மீன் செத்து மிதந்தாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒட்சிசனைத்தான். ஆனால் லீற்றருக்குச் சில ஆயிரம் நச்சுக் கலங்கள் மட்டுமே மிதக்கும் நீர் எந்த நிறமும் காட்டாது. மட்டியை நஞ்சாக்க அது போதும்.

அலெக்சாந்திரியம், ஜிம்னோடினியம், பைரோடினியம் ஆகிய ஒருகல அல்காக்களின் சில இனங்கள் சக்சிடொக்சின் என்ற நஞ்சை ஆக்குகின்றன. மட்டியும் சிப்பியும் நாள் முழுதும் நீரை வடித்துத் தின்பவை. அல்கா வயிற்றுக்குள் போகிறது, நஞ்சு உடலில் சேர்கிறது. மீனையென்றால் குடல் எடுத்துக் கழுவுகிறோம், நெத்தலியைக்கூடத் தலை கிள்ளித்தான் சட்டியில் போடுகிறோம். மட்டியை மட்டும் வயிறும் குடலுமாக முழுசாகத் தின்கிறோம்.

இது தொலைதூரத்துச் சங்கதி அல்ல. 1981இல் தமிழ்நாட்டில் கல்பாக்கத்துக்கு அருகே வயலூரில் மட்டி உண்ட எண்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டவர்களில் 7 பேர் இறந்தனர். 1987இல் குவாத்தமாலாவின் பசிபிக் கரையில் 187 பேர் பாதிக்கப்பட்டு 26 பேர் உயிரிழந்தார்கள். அங்கே பலர் உண்டது மட்டி சூப். கொதிக்கவைத்தால் சக்சிடொக்சின் அழியாது, கொஞ்சம் அவித்த தண்ணீருக்குள் இறங்கிவிடும். ஆகவே கூழுக்குள் மட்டி போடுபவர்கள் நெடுநேரம் கொதித்துவிட்டது என்ற தைரியத்தில் இருக்க வேண்டாம்.

இனி மாணவியின் கேள்வி. நரம்புக் கலத்தின் மென்சவ்வில் சோடியம் கால்வாய்கள் உள்ளன, அவை திறந்து சோடியம் அயன்கள் உள்ளே பாய்வதால்தான் நரம்பில் செய்தியாக ஓடும் கணத்தாக்கம் பிறக்கிறது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கால்வாயின் வெளிவாயில் மறையேற்றமுள்ள அமினோ அமிலங்கள் அமைந்திருக்கின்றன. நேரேற்றமுள்ள சோடியத்தை அவை இழுக்கின்றன. சக்சிடொக்சின் மூலக்கூறிலும் நேரேற்றமுள்ள பகுதிகள் உண்டு. அதே இழுப்பில் அதுவும் வருகிறது, ஆனால் உள்ளே நுழைய அதன் உடம்பு பெரிது. குளத்துப் பக்கமிருந்து அடித்துவரப்பட்ட மரக்கட்டை துருசின் வாயில் செருகிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள்: கதவைத் திறந்தாலும் வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. முதலில் உதடும் நாக்கும் விறைக்கும், பிறகு விரல்கள், கடைசியில் பிரிமென்றகடும் விலா இடைத் தசைகளும் அசைய மறுக்கும். பெரும்பாலும் நினைவு தெளிவாக இருக்கும்போதே மூச்சு நின்றுபோகும்.

மட்டிக்கும் நரம்பு உண்டு, நரம்பில் சோடியம் கால்வாயும் உண்டு. பிறகு எப்படித் தப்புகிறது? வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் வாழும் மென்னோட்டு மட்டியை வைத்து நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தந்தது. நச்சு அல்கா அடிக்கடி பெருகும் ஃபண்டி வளைகுடாவிலிருந்து சில மட்டிகள், அந்தத் தொல்லை இல்லாத இடத்திலிருந்து சில மட்டிகள். இரண்டு கூட்டத்துக்கும் நச்சு அல்காவையே தீனியாகக் கொடுத்தார்கள். தொல்லை அறியாத இடத்து மட்டிகள் பல மண்ணுக்குள் புதையும் வலிமையை இழந்து மேலேயே கிடந்தன. ஃபண்டி மட்டிகளில் பெரும்பாலானவை எதுவும் நடக்காத மாதிரி மண்ணைத் தோண்டிக்கொண்டு போய்விட்டன.

வித்தியாசம் எங்கே இருந்தது தெரியுமா? சோடியம் கால்வாய் என்பது ஏறத்தாழ இரண்டாயிரம் அமினோ அமிலங்கள் கோத்த பெரும் புரதம். அதன் வாயருகே ஒரே ஓர் இடத்தில், குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பாற்றிக் அமிலம் இருந்தது. இரண்டையும் வரைந்து பாருங்கள். இரண்டிலும் அதே மறையேற்றம்தான், பக்கச் சங்கிலியில் ஒரு காபன் குறைவு, அவ்வளவே. அந்தக் குறைவினால் நஞ்சுக்கும் கால்வாய்க்கும் இடையிலான பிடிப்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு தளர்ந்துவிடுகிறது. சோடியம் வழக்கம்போல் உள்ளே போகிறது. ஒரு காபன் அணு அளவுக்குக் கை குட்டையானதால் உயிர் தப்புகிறது! கூர்ப்புக்கு எடுத்துக்காட்டு கேட்டால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் இந்த மட்டியையும் ஒருநாள் வகுப்புக்கு அழைத்து வரலாம்.

எந்தக் கடலிலும் எல்லா மட்டிகளுக்கும் இதே விகாரம் (மரபணு மாற்றம்)தான் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் இதிலிருந்து வரும் விளைவு நமக்கு முக்கியமானது. நஞ்சைத் தாங்கும் மட்டி தின்பதை நிறுத்தாது, நிறுத்தாததால் அதன் சதையில் நஞ்சு இன்னும் கூடுகிறது. ஓட்டைத் தட்டியதும் சட்டென்று மூடிக்கொள்ளும் துடிப்பான மட்டியைத்தான் நல்ல மட்டி என்று பொறுக்குகிறோம். அழுகல் இல்லை என்பதற்கு அது சான்று, நஞ்சு இல்லை என்பதற்கு அல்ல.

இதே கால்வாயை எதிர்த்திசையில் கெடுக்கும் நஞ்சும் இருக்கிறது. முருகைக்கற் பாறைகளில் ஒட்டி வாழும் கம்பியர்டிஸ்கஸ் என்ற அல்காவிலிருந்து வருவது சிகுவாடொக்சின். சிறு மீன் பாறையை மேய, அதைப் பெரிய மீன் விழுங்க, சீலா, கலவாய், செம்பல்லி போன்ற பெருமீன்களில் அது குவிகிறது. இங்கே துருசு அடைபடுவதில்லை, மூட மறுக்கிறது. வயிற்றோட்டத்தோடு, குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடும் வினோதமும் வரும், அது வாரக்கணக்கில் நீடிக்கலாம். 1774இல் கப்டன் குக்கின் மாலுமிகள் இன்றைய வனுவாட்டுத் தீவுகளில் செந்நிற மீனைத் தின்று பட்ட பாடு பயணக் குறிப்புகளில் இருக்கிறது. 2016இல் மங்களூரில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இதே துன்பம் நேர்ந்தது.

உலகின் பல கரைகளில் இதற்கு வீட்டுச் சோதனைகள் உண்டு. வெள்ளிக் காசு கறுக்கிறதா, ஈ மொய்க்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் வீண். நம் வீட்டார் சொல்லும் கிரந்தியை மட்டும் நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையைத் தின்றால் முகம் சிவந்து உடம்பு தடித்து அரிப்பது உண்மை. பற்றீரியா ஆக்கும் ஹிஸ்டமின் அதற்குக் காரணம். அது அல்காவின் வேலை அல்ல, கிரந்தி பார்த்து மட்டியின் நஞ்சைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டும். ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் சிப்பிக்கு, ஒரு கிலோ சதையில் 800 மைக்கிரோகிராம் சக்சிடொக்சின் என்ற எல்லை உண்டு. கொக்கிளாயிலோ நாயாற்றிலோ வீட்டுச் சட்டிக்குப் போகும் மட்டிக்கும் அதே கணக்கு ஏன் இருக்கக் கூடாது? முதல் படிக்குப் பெரிய பணம் தேவையில்லை: நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்தெடுக்கும் ஒரு பிளாந்தன் வலை, ஒரு நுணுக்குக்காட்டி, அலெக்சாந்திரியத்தை அடையாளம் காணப் பழகிய ஒருவர். கிளிநொச்சி அறிவியல் நகரில் பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கின்றன, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கட்டடத் திறப்பு விழாவுக்குச் செலவாகும் காசில் மாதந்தோறும் களப்பு நீரைப் பார்த்து முடிவைக் கரையிலேயே ஒட்டிவிடலாம் என்பது என் கருத்து.

மட்டி உண்ட ஓரிரு மணி நேரத்துக்குள் உதடு விறைத்தால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சக்சிடொக்சினுக்கு மாற்றுமருந்து கிடையாது. ஆனால் செயற்கைச் சுவாசம் கொடுத்து முதல் நாளைக் கடக்கவைத்தால் நஞ்சு சிறுநீரோடு வெளியேறும், பெரும்பாலோர் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். சட்டியில் மீந்த கறியைக் கொட்டாமல் மூடி எடுத்துச் செல்லுங்கள். அதையே உண்ட மற்றவர்கள் யார் யார் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.