ஃபீட்பேக்: தனக்குத் தானே ஊட்டிக்கொள்ளும் ஒலி

கோயில் திருவிழாவில் பேச வந்தவர் மைக்கோடு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றதும் 'கூய்ய்' என்று காதைக் கிழிக்குமே, அதுதான் ஃபீட்பேக். 'மைக் கூவுது' என்போம். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் 'ஹவுலிங்' என்பார்கள்.

ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்றால் ஊட்டு, 'பேக்' என்றால் திரும்ப. ஒரு கருவி வெளியே விடுவதில் ஒரு பங்கு மறுபடி அதற்குள்ளேயே போவதைக் குறிக்க, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வானொலி, மின்சுற்றுப் பொறியாளர்கள் புழங்கிய சொல் இது. 'கருத்துச் சொல்வது' என்ற பொருள் அப்புறம் வந்தது.

எலெக்ட்ரிக் கிட்டாரில், கம்பியின் அதிர்வை அதன் அடியில் இருக்கும் பிக்கப் மின் அலையாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. ஸ்பீக்கரில் எழும் பெருஞ்சத்தம் கிட்டாரில் வந்து மோதி, அதே கம்பியை மறுபடி அதிரவைக்கிறது. மீட்டாமலே கம்பி பாடும்.

கோளாறு என்றுதான் இதை ஒதுக்கிவந்தார்கள். 1964இல் பீட்டில்ஸ் என்ற ஆங்கிலேய இசைக்குழுவினர் ஒரு பாட்டின் தொடக்கத்தில் இதை வேண்டுமென்றே வைத்தார்கள். இதை ஒரு மொழியாகவே வளர்த்தவர் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். 1942இல் சியாட்டிலில் பிறந்தவர், ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தவர். இடக்கைப் பழக்கம், வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பித்தான் வாசித்தார். 27 வயதில் இறந்துபோனார்.

ஹிப்பி இளைஞர்கள் திரண்ட வுட்ஸ்டாக் இசை விழா, நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால்பண்ணை நிலத்தில் நடந்தது. 1969 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை காலை. பெருங்கூட்டம் கலைந்துபோய், மிச்சம் இருந்தவர்கள் சேற்றில் நின்றார்கள். ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்கத் தேசிய கீதத்தை எடுத்தார். நடுவில் மெட்டை விட்டு விலகிக் கிட்டாரைக் கூவவிட்டார். கிட்டாரின் 'பிரிட்ஜ்', அதாவது கம்பிகளை உடல் பக்கத்தில் தாங்கும் பாலம், அதில் இருக்கும் இரும்புப் பிடியை அழுத்தி, அந்தக் கூவலின் சுருதியைக் கிடுகிடுவென்று கீழே இறக்கினார். குண்டு விழுவதுபோல் இருந்தது. வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

சரி, தமிழில்? 'பின்னூட்டம்' என்பது நிலைத்துவிட்டது. வலைப்பதிவுக் காலத்தில் வாசகர் கருத்துக்கும் அதுவே பெயரானது. 'பின்' என்பதைப் 'பிறகு' என்றும் கொள்ள இடமிருப்பதால் 'மீளூட்டம்' இன்னும் துல்லியம் என்பேன். எதுவானாலும் 'ஊட்டம்' இருக்க வேண்டும். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோமே, அந்த ஊட்டுதான். ஓயப்போகும் ஒலிக்கு அதன் சத்தமே மறுபடி ஊட்டுகிறது. உள்ளங்கையால் கம்பிகளை மூடினால் ஊட்டம் நின்று, கிட்டார் அடங்கிவிடும்.