முதுகில் 1981 என்று இருந்தால் பொம்மை 1981 ஆகிவிடாது

போன வாரம் ஒரு தம்பி, கார்ட்டூனில் வாளோடு வரும் வீரன் ஹீ-மேனின் பழைய பொம்மை ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மேசையில் வைத்ததுமே, "அண்ணா, முதுகைப் பாருங்க, 1981" என்றார். இந்த வருஷம் இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டுவிட்டேனோ, கணக்கே இல்லை. பழைய பொம்மைகளை மதிப்பிடுவதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதுகில் இருப்பது பொம்மை செய்த வருஷம் அல்ல. அந்த உடம்பின் வடிவத்துக்கு, ஹீ-மேன் பொம்மைகளைச் செய்த அமெரிக்க மேட்டல் கம்பெனி பதிப்புரிமை போட்டுக்கொண்ட வருஷம். அச்சில் ஒரு தடவை வெட்டிவிட்டால், அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு உடம்பிலும் அதே எண்தான் விழும். பொம்மை கடைக்கு வந்ததே 1982இல். முதல் மாதம் வாங்கியதிலும் 1981 இருக்கும், நாலு வருஷம் கழித்து வாங்கியதிலும் 1981 இருக்கும். இன்னும் நம்பிக்கை வரவில்லையா? கதையில் ஹீ-மேனாக மாறுகிற இளவரசன் பிரின்ஸ் ஆடமின் பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1984இல் வந்தது. அதற்கென்று புதிதாக உடம்பு செய்யவில்லை, ஹீ-மேன் உடம்பையே வேறு நிறத்தில் வார்த்தார்கள். ஆகவே அதன் முதுகிலும் 1981தான். 1983இல் வந்த, ஹீ-மேனைப் போலவே இருக்கும் போலி வில்லன் ஃபேக்கருக்கும் ஹீ-மேன் உடம்புதான். கடைப் பலகையில் '1952 முதல்' என்று எழுதியிருந்தால் தட்டில் இருக்கும் மைசூர்பாகு 1952இல் கிளறியது என்று யாராவது நினைப்போமா? பொம்மையில் மட்டும் ஏன் அப்படி நினைக்கிறோம்?

அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தைவான், மலேசியா, மெக்சிகோ என்று பொம்மை செய்த நாட்டின் பெயர் பெரும்பாலும் இருக்கும். எனக்கு அதிகம் உதவுவது அதுதான். வருகிறவர்களில் ஒருவர்கூட அதைப் படித்துவிட்டு வருவதில்லை.

கார்ட்டூனைப் பார்த்துத்தான் பொம்மை செய்தார்கள் என்பது இன்னொரு நினைப்பு. தூர்தர்ஷனில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பொம்மைதான் முதலில் வந்தது. ஃபில்மேஷன் நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது 1983 செப்டம்பரில். குட்டி மந்திரவாதி ஓர்கோ மாதிரி சிலர் மட்டும் தொடரில் பிறந்து, அப்புறம் பொம்மையானவர்கள். அதனால் டிவியில் பார்த்த நிறம் கையில் இருப்பதில் இல்லை என்றால் உடனே 'போலி' என்றோ 'தப்பு' என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தத் தம்பி செய்தது அதைத்தான்.

பொம்மையை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஐந்தரை அங்குலம். கழுத்து, இரண்டு தோள், இடுப்பு, இரண்டு தொடை என்று ஆறு இடத்தில் அசைந்தது. முழங்காலும் முழங்கையும் மடங்கியிருந்தால் அது 2020 வாக்கில் பழையதைப் போலவே மேட்டல் புதிதாக வெளியிட்ட ஒரிஜின்ஸ் வரிசை, அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. இது பழையதுதான். இடுப்பைத் திருப்பி விட்டேன், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சட்டென்று இழுத்து நேராக்கியது. கால்கள் தொளதொள என்று ஆடின. உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்துபோனால் அப்படித்தான் ஆகும். அது வயசு, அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் நெஞ்சில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு இடம் பளபளப்புப் போய், வெளிறி, சொரசொரப்பாக இருந்தது. "நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டீங்களா?" என்றேன். "ஒரு கறை இருந்துச்சுண்ணா." கறை போயிருக்கிறது, கூடவே பிளாஸ்டிக்கும் கரைந்திருக்கிறது. அப்புறம் பூட்ஸைப் பார்த்தேன். பிரஷ் இழுத்த கோடுகள். இணையத்தில் பார்த்த படத்தில் பூட்ஸ் வேறு நிறமாக இருந்ததாம், அதனால் கடையில் பெயின்ட் வாங்கி அதே மாதிரி அடித்திருக்கிறார்.

அது மேட்டல் உரிமத்தோடு லியோ என்ற கம்பெனி இந்தியாவிலேயே கொண்டுவந்த பொம்மை. லியோ பொம்மைகளின் நிறங்கள் அமெரிக்கப் பொம்மைகளோடு பல இடங்களில் ஒத்துப்போகாது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்த வித்தியாசத்துக்காகவே அதைத் தேடுகிறார்கள். தேடுகிறவர் எதைப் பார்ப்பாரோ அதன் மேலேயே நம் தம்பி பெயின்ட் அடித்துவிட்டார். பூட்ஸின் விளிம்பில் நகக்கண் அளவுக்குப் பழைய நிறம் மிச்சமிருந்தது. அதைக் காட்டியபோது அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை. "சுரண்டி எடுத்துரலாமாண்ணா?" என்றார். புதுப் பெயின்டைக் கரைத்தால் அடியில் இருக்கும் பழைய பெயின்டும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

விலையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. விற்பவர் கேட்கும் விலை மதிப்பு ஆகாது. விற்று முடிந்தது என்ன விலைக்கு என்று பாருங்கள். அதிலும் உங்களுடையதைப் போன்ற நிலையில், உங்களுடையதைப் போலப் பாகங்கள் உள்ளதோடு மட்டும் ஒப்பிடுங்கள். அட்டையோடு பிரிக்காமல் இருக்கும் பொம்மையின் விலையைக் காட்டி, கையில் இருக்கும் வெறும் பொம்மைக்கு விலை கேட்காதீர்கள்.

தயவுசெய்து, காட்டுவதற்கு முன்னால் கழுவாதீர்கள். ரிமூவர், தின்னர், பிளீச்சிங் எதுவும் வேண்டாம். ஆடுகிற காலை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டாதீர்கள். அதைப் பிரிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது, சில சமயம் தொடையே உடைந்துவிடுகிறது. வெயிலில் காய வைக்காதீர்கள். ஆயுதம் தொலைந்துவிட்டது என்று புதிதாகச் செய்து விற்பதை வாங்கிச் செருகினால், அதைச் செருகியிருப்பதாக வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விற்பது ஏமாற்று.

முக்கியமாக, பொம்மை கிடைத்த பெட்டியையும் பரணையும் இன்னொரு தடவை தேடுங்கள். ஹீ-மேனோடு கோடாரி, கேடயம், மார்புக் கவசம், ஒரு வாள் வரும். அந்த வாளின் ஒரு பக்கம் தட்டையாக, பாதியாகப் பிளந்ததுபோல இருக்கும். ஹீ-மேனின் எதிரி ஸ்கெலடரின் பொம்மையிடம் இருக்கும் மற்றப் பாதியோடு சேர்த்து ஒரே வாளாக்கத்தான் அப்படிச் செய்தார்கள். உடைந்த துண்டு என்று நினைத்து அதை எத்தனையோ வீடுகளில் குப்பையில் போட்டிருக்கிறார்கள். தையல் டப்பா, பழைய பென்சில் பெட்டி, கோலிக்குண்டு வைத்திருந்த டின் எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள். கிடைத்தால் துடைக்காமல் அப்படியே ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டு வாருங்கள்.