மாண்ட்ரியலில் போட்ட முடிச்சு

முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுப் பிரிட்ஜுக்கு ‘கேஸ் போட’ வந்த மெக்கானிக்கின் சிலிண்டரில் பெரும்பாலும் ஆர்-12 தான் இருந்தது. குளோரோபுளோரோகார்பன், சுருக்கமாக சி.எஃப்.சி. குடும்பத்தைச் சேர்ந்த வாயு. இன்று அது கடையில் கிடைக்காது. அதை ஒழித்தது ஓர் ஒப்பந்தம்.

சி.எஃப்.சி. மெல்ல வளிமண்டலத்தின் மேலே போய், புற ஊதாக் கதிர் பட்டு உடையும். கழன்று வரும் ஒரே ஒரு குளோரின் அணு, அந்தக் கதிரிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோனின் பல ஆயிரம் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். வேதியியல் விஞ்ஞானிகள் மொலினாவும் ரோலண்டும் 1974-இலேயே இதை எச்சரித்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலைய அளவீடுகள், அங்கே வசந்தகாலத்தில் ஓசோன் கடுமையாகக் குறைவதைக் காட்டின. 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மாண்ட்ரியலில், இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது.

சரி, நாடுகளுக்கு மேலே போலீஸ் இல்லையே, யார் கட்டுப்படுவார்கள்? சூட்சுமம் ஷரத்துகளில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் சேராத நாட்டிடம் இந்த வாயுக்களை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. ஒதுங்கி நின்று லாபம் பார்க்க நினைத்த நாட்டுக்குச் சந்தையே கைவிட்டுப் போகும். வளரும் நாடுகளுக்குப் பத்து ஆண்டு கூடுதல் அவகாசமும் உண்டு.

அது மட்டும் போதவில்லை. ஓசோனைக் கெடுத்தது பணக்கார நாடுகள், செலவு மட்டும் எங்கள் தலையிலா என்று இந்தியாவும் சீனாவும் சேராமல் நின்றன. முழுக்க நியாயமான கேள்வி. 1990-இல் ஒப்பந்த நாடுகள் லண்டனில் கூடியபோது, மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு ஆகும் கூடுதல் செலவைப் பணக்கார நாடுகள் போடும் நிதியிலிருந்து தருவதென்று முடிவானது. அப்புறம்தான் 1991-இல் சீனாவும் 1992-இல் இந்தியாவும் சேர்ந்தன. 2009-இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் அத்தனையும் உள்ளே வந்துவிட்டன. அதற்கு முன் எந்த ஐ.நா. ஒப்பந்தத்துக்கும் இது வாய்த்ததில்லை.

யாராவது திருட்டுத்தனமாகத் தயாரித்தால்? காற்றே காட்டிக்கொடுக்கும். 2010-க்குள் உலகம் முழுவதும் உற்பத்தி நின்றிருக்க வேண்டிய, அதே குடும்பத்தைச் சேர்ந்த சி.எஃப்.சி.-11 என்ற வாயு, எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்பது 2018-இல் தெரிந்தது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. சீனாவின் பக்கமிருந்து காற்று வீசும்போதெல்லாம் அங்கே இந்த வாயுவின் அளவு எகிறியது. காற்று வந்த வழியைக் கணினியில் பின்னோக்கித் தேடியபோது, அது கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களில் போய் நின்றது. சீனா சோதனைகளை முடுக்கியது. 2021-இல் வெளியான அளவீடுகளில், அந்தப் பகுதியிலிருந்து வரும் வாயு பழைய அளவுக்கே இறங்கியிருந்தது.