பிளாக்: பலகையா, கல்வெட்டா, வில்லையா?

லண்டன் சவுத் கென்சிங்டனில், குரோம்வெல் பிளேஸ் 5-ஆம் எண் வீட்டுச் சுவரில் நீல நிறத்தில் ஒரு வட்டம் பதித்திருக்கிறார்கள். சர் ஜான் லேவரி, ஓவியர், 1856–1941, இங்கே 1899 முதல் 1940 வரை வாழ்ந்தார் என்று சொல்கிறது அது. லேவரி பெல்ஃபாஸ்டில் பிறந்த ஐரிஷ்காரர். 1888-இல் விக்டோரியா மகாராணி கிளாஸ்கோ கண்காட்சிக்கு வந்த காட்சியை வரையும் பொறுப்பு இவருக்குத்தான் கிடைத்தது. அந்த நீல வட்டத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் பிளாக் (plaque). சிலர் பிளேக் என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் எலி பரப்பும் கொள்ளைநோய் ஆகிவிடும். பிளாக் என்றாலோ தமிழ் எழுத்தில் கருப்பு, வட்டாரம், வலைப்பூ என்று எதுவாகவும் படிக்கலாம். ஒலிபெயர்த்துத் தப்பிக்க வழியில்லாத சொல் இது.

மூலம் பழைய டச்சு மொழி. ஒட்டுப்போடுவதற்கும் பூசுவதற்கும் அங்கே பிளாக்கென் என்ற வினை இருந்தது. அது பிரெஞ்சுக்குப் போய் தகடு பதிப்பதைக் குறித்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஊர்வலத்தில் தூக்கிப் பிடிக்கும் பிளக்கார்டும் இதே வேரில் கிளைத்ததுதான். பல்லிலும் ரத்தக்குழாயிலும் படிவதற்கு மருத்துவர்கள் சொல்லும் பிளாக்கும் இதே சொல். அதற்குத் தமிழில் படலம், படிவு என்று இருக்கிறது, சிக்கல் இல்லை. சிக்கல் சுவரில் இருப்பதற்குத்தான்.

கல்வெட்டு என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். திறப்பு விழாக் கல்லுக்கு அது சரி, கல்லில்தானே வெட்டுகிறார்கள்? லேவரியின் வட்டம் சுட்ட பீங்கான். நினைவுப் பட்டயம் என்றும் பார்த்திருக்கிறேன். பட்டயம் என்றால் முன்பு செப்பேடு, இப்போது டிப்ளமோ. ஓவியர் ஏதோ படித்து வாங்கியது போலத் தோன்றும். நடுகல் வேண்டவே வேண்டாம். அது இறந்த வீரனுக்கு நட்டு வழிபடும் கல். பிளாக்குக்கு வழிபாடு கிடையாது, ஒருவரையும் ஒரு கட்டடத்தையும் முடிச்சுப் போடுவதுதான் அதன் வேலை.

அந்த முடிச்சு சில நேரம் விசித்திரமாகவும் விழும். செல்சியில் செய்னி வாக் 4-ஆம் எண் வீட்டில் 1870-இல் இறந்தவர் டேனியல் மக்லீஸ். கார்க் நகரத்து ஐரிஷ்காரர்; பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தில் நெல்சனின் மரணத்தையும், வாட்டர்லூவில் வெலிங்டனும் புளூஹரும் சந்தித்ததையும் பிரம்மாண்டமான சுவரோவியங்களாகத் தீட்டியவர். ஆனால் அந்த வீட்டின் நீல வட்டத்தில் இருக்கும் பெயர் நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்டுடையது. அவர் 1880 டிசம்பரில் குடிவந்து மூன்று வாரம் முடிவதற்குள் இறந்தவர்!

லண்டனில் இப்படிச் செய்யலாம் என்று 1863-இல் நாடாளுமன்றத்தில் யோசனை சொன்னவர் வில்லியம் யுவர்ட். முதல் பிளாக் 1867-இல் கவிஞர் பைரனுக்கு. அந்த வீட்டையே பிற்பாடு இடித்துவிட்டார்கள். லேவரியுடையது 1966-இல் பதித்தது. ஒருவர் இறந்து 20 ஆண்டு ஆன பிறகுதான் இப்போது பரிசீலிக்கிறார்கள்.

சரி, தமிழில்? பொதுச்சொல்லாக நினைவுப் பலகை போதும். பலகை என்றால் மரம்தானே என்று கேட்பவர்களுக்குக் கற்பலகை, அறிவிப்புப் பலகை எல்லாம் பதில். செம்பிலோ பித்தளையிலோ இருந்தால் நினைவுத் தகடு. லண்டன் வட்டத்துக்கு மட்டும் நான் நினைவு வில்லை என்பேன். தட்டையாய், வட்டமாய் இருப்பதை வில்லை என்பது நம் பேச்சிலேயே உண்டு. அந்தக் காலச் சேவகர்கள் மார்பில் குத்திக்கொண்ட பித்தளை வில்லையை நினைத்துப் பாருங்கள். வினைச்சொல்லாகப் ‘பதித்தார்கள்’ என்று எழுதலாம். ‘நிறுவினார்கள்’ என்பது சிலைக்குப் பொருந்தும், ஓரடி ஒன்றரை அடி வட்டத்துக்குக் கொஞ்சம் அதிகம்.