சுரங்கம் வருவதற்கு முன்பே கிணற்றை அளந்து வையுங்கள்

சுரங்கங்களையும் எண்ணெய் வயல்களையும் ஒட்டி வாழும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இளம் தலைவர்களுக்கான பயிற்சி என்றதும் மேடைப் பேச்சு, குழு விளையாட்டு, கடைசி நாளில் சான்றிதழ் என்றுதான் பல இடங்களில் திட்டம் போடுகிறார்கள். அதற்கு முன்னால் அவர்களுக்கு அளக்கத் தெரிய வேண்டும் என்பேன். அதுவும் முதல் குழி தோண்டப்படுவதற்கு முன்பே.

ஐந்து வருடம் கழித்து "எங்கள் கிணறு வற்றிவிட்டது" என்று போய் நின்றால், "மழை பொய்த்துவிட்டது, சுரங்கம் என்ன செய்யும்?" என்று பதில் வரும். பழைய அளவு கையில் இல்லாதவர் அதற்குமேல் பேச முடியாது.

அதனால் முதல் பாடம் கிணற்றடியில். அளவு நாடாவின் நுனியில் எடை கட்டி இறக்கச் சொல்வோம். எங்கிருந்து அளக்கிறோமோ அந்த இடத்தில், கைப்பிடிச் சுவரின் விளிம்பில், பெயிண்டால் குறி போட வேண்டும். ஆள் மாறினாலும் அந்தக் குறி மாறக்கூடாது. மோட்டார் ஓடி நின்றதும் அளந்தால் கணக்கு தப்பிவிடும். இரவெல்லாம் நீர் ஊறிய பிறகு, விடியற்காலையில், யாரும் இறைப்பதற்கு முன் அளக்க வேண்டும். தேதி, நேரம், அளந்தவர் பெயர், கடைசியாக மழை பெய்த நாள் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையுமாவது பதிவாகியிருந்தால்தான் அது சான்றாக நிற்கும். வீட்டுச் சுவர் விரிசலும் அப்படித்தான். வெடி வைக்கத் தொடங்கும் முன்பே, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட வேண்டும்.

இந்த வேலைக்குப் பெண்களைக் கட்டாயம் சேருங்கள். தண்ணீரின் ருசி மாறுவது, துணியில் கறை படிவது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். ஆனாலும் கண்ணையும் நாக்கையும் மட்டும் நம்பினால் போதாது. எண்ணெய் எடுக்கப்பட்ட நைஜீரியாவின் ஓகோனி பகுதியில் ஓர் ஊர் மக்கள் குடித்துவந்த கிணற்று நீரில், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைப்போல் 900 மடங்குக்கும் மேல் பென்சீன் (கச்சா எண்ணெயில் இருக்கும், புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம்) இருந்ததை ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2011 அறிக்கை வெளிக்கொண்டு வந்தது. ஆய்வகச் சோதனை இல்லாமல் அந்த எண் கிடைத்திருக்காது.

அப்புறம், அறிக்கை வாசிப்பது. சுரங்கத்தால் என்னென்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் பின்னாலிருந்து, அட்டவணைகளிலிருந்து படிக்கச் சொல்கிறேன். நீர் மாதிரி எந்த மாதம் எடுத்தார்கள்? கட்டுமானம் முடிந்த பிறகு எத்தனை வேலைகள் மிஞ்சும்? சுரங்கத்தை மூடும் செலவுக்கு இப்போதே பணம் கட்டியிருக்கிறார்களா? சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கி வைக்கும் கழிவு அணை இருந்தால், அதற்குக் கீழே என்ன இருக்கிறது? பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். சுரங்கத்தின் உணவுக்கூடமே அணைக்குக் கீழேதான் இருந்தது. அணை உறுதியாக இருக்கிறது என்று சில மாதங்களுக்கு முன்தான் சான்றும் தரப்பட்டிருந்தது.

"ஊர்ப் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள், சின்னப் பசங்களுக்கு என்ன அவசரம்?" என்று கேட்பவர்களுக்கு நான் பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவைத்தான் காட்டுவேன். அங்கே பங்குனா செம்புச் சுரங்கம் 1972-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இழப்பீட்டுப் பணம் மூத்தவர்களின் சங்கத்தோடு நின்றுவிடுகிறது என்று குமுறிய இளைய தலைமுறை 1987-இல் தனிச் சங்கம் கண்டது. அவர்களில் முன்னணியில் இருந்த பிரான்சிஸ் ஓனா அதே சுரங்கத்தில் நில அளவையாளராக வேலை பார்த்தவர். கிளர்ச்சி வெடித்து 1989-இல் சுரங்கம் மூடப்பட்டது. தொடர்ந்த உள்நாட்டுப் போருக்கான சமாதான ஒப்பந்தம் 2001-இல்தான் வந்தது. அளவும் கணக்கும் தெரிந்த இளைஞர்களுக்குப் பேச்சுவார்த்தையில் இடம் இல்லாமல் போனதும் அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

பயிற்சிக்குப் பணம் ஒதுக்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முகாமின் நாட்களைக் குறைத்தாலும் பரவாயில்லை, அடுத்த இரண்டு வருடத்துக்கான ஆய்வகக் கட்டணத்தை ஒதுக்குங்கள். ஒரு கிணற்றுக்கு இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள், ஒருவர் படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போனாலும் அளவு விட்டுப்போகாது. நோட்டின் பிரதி ஊரில் ஒன்று, ஊருக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் ஒன்று இருக்கட்டும்.